படுத்தாள், கிடத்தினாள்: ஆங்கில இறந்தகாலத்தில் நான் தொலைத்த ஏழு மாதம்

இரவு வேலை. வாட்டில் எல்லாருக்கும் மருந்து கொடுத்து முடித்துவிட்டு மேசையில் வந்து இருந்தபோது பதினொன்றரை மணி இருக்கும். கைத்தொலைபேசியைத் திறந்தால் ஓஇடி என்ற ஆங்கிலச் சோதனையின் பெறுபேறு வந்திருந்தது. கேட்டல் 370, வாசிப்பு 360, பேச்சு 350, எழுத்து 290. பிரித்தானியாவில் தாதியாகப் பதிவு செய்ய நேர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் எழுத்துக்கு 300 கேட்கிறது, மற்ற மூன்றுக்கும் 350. இந்தச் சோதனையில் புள்ளி பத்துப் பத்தாகத்தான் ஏறும். அதாவது எனக்கும் 300க்கும் நடுவே ஒரே ஒரு படி. அந்தப் படியை ஏற எனக்கு இன்னும் ஏழு மாதமும் மூன்று லட்சத்துக்கு மேல் காசும் போனது. எங்கே பிழைத்தது என்று முதல் கிழமையிலேயே யாராவது சொல்லியிருந்தால் அதில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை விபரமாக எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து இதே சோதனைக்கோ வேறு ஆங்கிலச் சோதனைக்கோ ஆயத்தமாகிற தங்கச்சி, தம்பிமார் யாராவது படித்தால் போதும்.

ஓஇடி என்பது மருத்துவத் துறையில் வேலை செய்கிறவர்களுக்கான ஆங்கிலச் சோதனை. தாதியருக்கு எழுத்துப் பகுதியில் ஒரு நோயாளியின் குறிப்புகளைத் தருவார்கள். ஐந்து நிமிடம் வாசிக்கலாம், நாற்பது நிமிடத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும். 180 முதல் 200 சொல் வரை. குறிப்புகள் துண்டு துண்டாக இருக்கும்: மூன்று நாட்களுக்கு முன் வீழ்ச்சி, கணுக்கால் வீக்கம், பரசிற்றமோல் என்று. அந்தத் துண்டுகளை முழு வசனமாக்குவதுதான் வேலை. நடந்து முடிந்த கதை என்பதால் வசனத்துக்கு வசனம் இறந்தகாலம் வரும். இதை நான் விளங்கிக்கொண்டது இரண்டாவது தரமும் தவறிய பிறகுதான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1995 இடப்பெயர்வில் கோண்டாவிலில் இருந்து தென்மராட்சிக்கு ஓடிய குடும்பம் எங்களுடையது. என்னுடைய முதலாம் வகுப்பு கொடிகாமத்தில் ஒரு ஓலைக் கொட்டிலில் தொடங்கியது. திரும்பி வந்த பிறகும் பல வருடம் எங்கள் பள்ளியில் ஆங்கிலத்துக்கு நிலையான ரீச்சர் இல்லை. வருகிறவர் ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போவார், புதிதாக வருகிறவர் திரும்பவும் முதலாம் பாடத்தில் இருந்து தொடங்குவார். இறந்தகாலம் வரும் பாடத்துக்கு நாங்கள் போய்ச் சேரவே இல்லை. பிறகு தாதியர் பயிற்சி ஆங்கிலத்தில்தான் நடந்தது, ஆனால் அங்கே மருத்துவச் சொற்கள்தான் முக்கியம், வினைச்சொல்லை ஒருவரும் பார்க்கவில்லை. பத்து வருடம் வாட்டில் அறிக்கை எழுதினேன். எல்லாம் சுருக்கெழுத்து. அடுத்த வேலைக்கு வருகிற அக்காவுக்கு விளங்கும், டொக்டருக்கு விளங்கும், யாரும் திருத்தவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றே நானும் நம்பியிருந்தேன்.

காசுக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நான் எழுதிய காலத்தில் சோதனைக் கட்டணம் 587 ஆஸ்திரேலிய டொலர். 2023 நாணய மாற்றுக்கு அது ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியது. இணையவழி வகுப்புக்கு முப்பத்தையாயிரம். சோதனை எழுத நான் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது, இரவு பஸ்ஸும் வெள்ளவத்தையில் ஒரு அறையும் சாப்பாடுமாகப் பன்னிரண்டாயிரம். முதல் தரத்துக்குச் சீட்டுக் காசு இருந்தது. இரண்டாம் தரத்துக்கு அம்மா தன் சங்கிலியைக் கழற்றித் தந்தார், அடகு வைத்தேன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

நான் செய்த பெரிய பிழை, காரணம் தெரியாமல் அவசரப்பட்டு இரண்டாம் தரத்துக்குப் பதிந்தது. பெறுபேற்றில் 290 என்ற எண்ணைத் தவிர வேறெதுவும் இல்லை. எந்த இடத்தில் புள்ளி குறைந்தது என்று எழுதித் தரவில்லை. கடிதத்தை ஆறு அளவுகோல்களால் பார்க்கிறார்கள்: நோக்கம், உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், துறைக்கேற்ற நடை, ஒழுங்கமைப்பு, மொழி. வகுப்பில் என்னிடம் உள்ளடக்கமும் ஒழுங்கமைப்பும்தான் குறை என்றார்கள். கடிதத்தின் தொடக்க வசனம், முடிவு வசனம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இலக்கணத்துக்கு என்று ஒரு பட்டியல் அனுப்பினார்கள், ஒழுங்கற்ற வினைகள் ஏறக்குறைய இருநூறு, அகர வரிசையில், மூன்று நிரலாக. நான் அதைச் சுவரில் ஒட்டி வைத்து வேலைக்குப் போகும் முன் பாடமாக்கினேன். அரைஸ், அரோஸ், அரிசன். அவேக், அவோக், அவோக்கன். என் வாழ்க்கையில் ஒரு நாளும் எழுதாத சொற்கள். ஒரு மாதத்தில் டி எழுத்தைத் தாண்டவில்லை. எனக்கு வேண்டிய ஃபோல், ஃபீல், கிவ், லை எல்லாம் கீழே எங்கேயோ கிடந்தன. இரண்டாம் தரமும் 290.

இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா, "உந்த ஒழுங்கை முடிவில இருக்கிற ரீச்சரிட்ட ஒருக்காப் போய்க் காட்டன்" என்றார். இளைப்பாறிய ஆங்கில ரீச்சர், எழுபத்தைந்து வயதுக்கு மேல். வெட்கமாக இருந்தது. பத்து வருடம் வேலை செய்த ஒருத்தி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கொப்பியோடு போவதா என்று மனம் கூசியது. ஆனாலும் போனேன். சோதனைக் கேள்வியை வெளியே சொல்லக்கூடாது, அதனால் ஒரு பயிற்சிக் கடிதத்தைக் கொண்டுபோனேன். குளியலறையில் விழுந்த எழுபது வயது அம்மா ஒருவர், மகள் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார் என்பது கதை. ரீச்சர் விறாந்தையில் இருந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலால் வட்டம் போடத் தொடங்கினார். ஒரு பக்கக் கடிதத்தில் பதினொரு வட்டம். பதினொன்றும் வினைச்சொல்.

பிறகு நான் எழுதியதை அப்படியே தமிழில் வாசித்துக் காட்டினார். விழுந்தார் என்பதற்கு ஃபெல் என்று எழுதாமல் ஃபெல்ட் என்று எழுதியிருந்தேன், அது உணர்ந்தார். தரையில் இரண்டு மணிநேரம் கிடந்தார் என்பதற்கு லே என்று வர வேண்டியதை லைட் என்று எழுதியிருந்தேன், எல் ஐ ஈ டி. அது இரண்டு மணிநேரம் பொய் சொன்னார். 200 மில்லிலீற்றர் குடித்தார் என்பதற்கு டிராங்க் வராமல் டிரங்க் வந்திருந்தது. டிரங்க் என்பதை ஒரு நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் எழுதினால் குடிபோதையில் இருந்தார் என்றுதான் முதலில் படும். மகள் கொண்டுவந்தார் என்பதற்கு ப்ரோட் என்று ஆர் எழுத்தோடு எழுத வேண்டும், நான் ஆரை விட்டுவிட்டேன். மகள் அவரை வைத்தியசாலைக்கு வாங்கினார்.

ரீச்சர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அங்கே பிரித்தானியாவில் ஒரு வாட்டில், என்னைத் தெரியாத ஒரு தாதி என் குறிப்பை மட்டும் நம்பி ஒரு வயதான மனுசியைப் பொறுப்பெடுக்கிறார் என்று நினைத்தபோது பயம்தான் வந்தது. விழுந்தார் என்பது போய் உணர்ந்தார் என்று வந்தால் தலையில் அடிபட்டதா என்று யார் பார்ப்பார்கள்? ரீச்சர் சொன்னார், "பிள்ளை, உமக்கு இங்கிலீஷ் தெரியும். நேற்று நடந்ததைச் சொல்லத்தான் தெரியேல்லை." அன்று விறாந்தையில் இருந்து அழுதேன். ஆனால் இத்தனை மாதத்தில் முதல் தரம், எதைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் முதலாவதாகச் சொல்வது இதுதான்: காசு கட்டி அடுத்த திகதிக்குப் பதிவதற்கு முன் நீங்களாக எழுதிய ஒரு முழுக் கடிதத்தை ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, வினைச்சொற்களில் மட்டும் வட்டம் போடச் சொல்லுங்கள். ஒரு மணிநேர வேலை. வட்டம் மூன்றுக்கு மேல் வந்தால் பதிய வேண்டாம், பொறுங்கள்.

அடுத்த நாள் ரீச்சர் அந்தச் சுவர்ப் பட்டியலைக் கழற்றச் சொன்னார். "தமிழில நீர் வாந்தேன், போந்தேன் எண்டு எப்பவாவது சொன்னனீரா?" என்று கேட்டார். இல்லை. வந்தேன், போனேன், கண்டேன், கேட்டேன், நின்றேன் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மாறுகிறது. த், ட், ற், இன் என்று இடைநிலைகளைப் பள்ளியில் படித்தது பிறகுதான், அதற்கு முன்பே வாய்க்குத் தெரிந்திருந்தது. பட்டியல் பார்த்து வரவில்லை, புழங்கி வந்தது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். மிக அதிகமாகப் புழங்கும் பத்து வினைகளை எடுத்தால் (பீ, ஹாவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட்) பத்துமே ஒழுங்கற்றவை. நாளுக்கு நூறு தரம் வாயில் வருவதால் அவற்றின் பழைய வடிவம் தேயாமல் நிற்கிறது. அரிதாக வருகிறவை காலப்போக்கில் ஈடி விகுதிக்கு மாறிவிடும். ஹெல்ப் என்பதற்குக்கூட ஒரு காலத்தில் ஹோல்ப் என்றுதான் இறந்தகாலம் இருந்ததாம், பிறகுதான் ஹெல்ப்ட் ஆனது. கோ என்பதன் இறந்தகாலமாக நாங்கள் சொல்லும் வென்ட், உண்மையில் வெண்ட் என்ற இன்னொரு வினைக்குச் சொந்தமானது. இதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தச் சொற்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அவை எங்களை வதைக்க வந்தவை இல்லை. எங்கள் வந்தேனும் கண்டேனும் போலப் பழையவை, அவ்வளவுதான்.

ரீச்சர் என்னிடம் இருநூறு கேட்கவில்லை. "உம்முடைய வேலையில ஒரு நாளில என்னென்ன நடக்கும், அதை எழுதிக்கொண்டு வாரும்" என்றார். எழுதினேன். விழுந்தார், படுத்தார், எழும்பினார், சாப்பிட்டார், குடித்தார், நித்திரை கொண்டார், இரத்தம் வந்தது, வீங்கியது, உடைந்தது, நொந்தது, பாம்பு கடித்தது, மருந்து கொடுத்தேன், இரத்தம் எடுத்தேன், சொன்னார், வீட்டுக்குப் போனார். எல்லாம் சேர்த்து நாற்பதுக்குள் அடங்கியது. ஆசிரியருக்கு வேறு நாற்பது வரும், கணக்காளருக்கு வேறு நாற்பது. உங்கள் நாற்பதை நீங்கள்தான் எழுத வேண்டும், எந்தப் புத்தகத்திலும் அது இருக்காது.

அந்த நாற்பதை அகர வரிசையில் வைக்காமல் ஓசைப்படி கூட்டம் கூட்டமாகப் பிரித்தோம். முதலாவது கூட்டம் தமிழருக்கு மிக இலகு, நெடில் குறிலாகும் கூட்டம். ப்ளீட், ப்ளெட். ஃபீட், ஃபெட். மீட், மெட். அதற்குப் பக்கத்தில், குறிலாகி ஒரு ட் ஒட்டுகிறவை: ஸ்லீப், ஸ்லெப்ட். கீப், கெப்ட். ஃபீல், ஃபெல்ட். லீவ், லெஃப்ட். ஈ எ ஆகிறது என்று பிடித்துக்கொண்டால் ஒரு மணிநேரத்தில் பத்துச் சொல் வாயில் நிற்கும். ரீட் என்பதும் இதில்தான் சேரும், ரீட் ரெட் என்றாகும், எழுத்து மட்டும் மாறாது. இரண்டாவது கூட்டம், மாறவே மாறாதவை. புட், கட், ஷட், ஹேர்ட், செட், ஸ்பிரெட், கொஸ்ட். எல்லாவற்றின் முடிவிலும் ஏற்கெனவே ஒரு ட் ஓசை இருக்கிறது. நான் ஹேர்டெட் என்று எழுதிக்கொண்டிருந்தேன். இவற்றில் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். ஷீ, ஹீ, இட் வரும் இடத்தில் எஸ் இருந்தால் இன்று, எஸ் இல்லாவிட்டால் நேற்று. இட் ஹேர்ட்ஸ் என்றால் நோகிறது, இட் ஹேர்ட் என்றால் நொந்தது. ஒரே ஒரு எழுத்து ஒரு நோயாளியின் நிலையையே மாற்றிவிடுகிறது.

டிரிங்க், டிராங்க், டிரங்க் கூட்டத்தில் என் பிழைக்கு ஒரு காரணம் இருந்தது, இது தாதிமார் எல்லாருக்கும் பொருந்தும். வாட்டில் நாங்கள் எழுதுவதும் வாசிப்பதும் மூன்றாம் வடிவம்தான், அதாவது பட்டியலின் மூன்றாம் நிரலில் இருப்பது. கிவன், டேக்கன், டன், ஸீன். வோஸ் கிவன் என்பதில் வோஸை விட்டுச் சுருக்கி எழுதிப் பழகியதால், மூன்றாம் வடிவமே இறந்தகாலம் என்று கை பழகிவிட்டது. அதனால் ஷீ டிரங்க், ஐ டன், ஷீ டேக்கன் என்று முழு வசனத்திலும் அதுவே வந்தது. மறுபக்கம், ஹாஸ் வரும் இடத்தில் இரண்டாம் வடிவத்தைப் போட்டேன், ஹாஸ் டுக் என்று. ரீச்சர் சொன்ன வழி இது: மூன்றாம் வடிவம் தனியே நடக்காது, முன்னால் ஹாஸ், ஹாவ், ஹாட், வோஸ், வேர் என்று ஒரு துணை வேண்டும். இரண்டாம் வடிவம் தனியாகத்தான் நடக்கும், துணை வந்தால் பிழை. கேவ் தனியே, கிவன் துணையோடு. எட் தனியே, ஈட்டன் துணையோடு. ப்ரோக் தனியே, ப்ரோக்கன் துணையோடு. பிட் தனியே, பிட்டன் துணையோடு. பாம்பு கடித்தவருக்கு வோஸ் பிட்டன். யெஸ்டர்டே, அகோ என்று நாள் குறித்த சொல் வந்தால் ஹாஸ் வரவே வராது, இரண்டாம் வடிவம்தான்.

ப்ரிங் என்பதை டிரிங்க் கூட்டத்தில் சேர்த்து ப்ராங் என்று சொல்லக்கூடாது. அது ப்ரோட், தோட், போட், கோட் என்ற இன்னொரு கூட்டம். வாங்கினாரா கொண்டுவந்தாரா என்று குழம்புகிறவர்களுக்கு: ப்ரிங்கில் ஆர் இருக்கிறது, ப்ரோட்டிலும் ஆர் இருக்கும். வாங்கு என்ற பை என்பதில் ஆர் இல்லை, அதன் இறந்தகாலமான போட்டிலும் இல்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். லை, லே என்ற சனியன் பிடித்த சோடி. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே இதில் தடுமாறுவார்களாம். லை என்றால் கிட, படு. அதன் இறந்தகாலம் லே. லே என்பதோ தனியாக இன்னொரு வினை, கிடத்து, வை. அதன் இறந்தகாலம் லெய்ட். ஒன்றின் நேற்று மற்றதின் இன்றாக இருக்கிறது. நான் தலையில் கை வைத்தபோது ரீச்சர் கேட்டார், "தன்வினை பிறவினை படிச்சனீர் தானே?" படித்திருக்கிறேன். கிடந்தாள், கிடத்தினாள். எழுந்தாள், எழுப்பினாள். விழுந்தது, வீழ்த்தினான். இருந்தாள், இருத்தினாள். ரீச்சர் பென்சிலால் இரண்டு நிரல் போட்டார். கிடந்தாள் லே, கிடத்தினாள் லெய்ட். எழுந்தது ரோஸ், எழுப்பியது ரெய்ஸ்ட். விழுந்தது ஃபெல், வீழ்த்தியது ஃபெல்ட், ஆனால் மரத்தை வெட்டி வீழ்த்தும் இந்த ஃபெல்ட் எழுதும்போது ஈடி வரும், உணர்ந்த ஃபெல்ட் வேறு. இருந்தாள் சாட், இருத்தினாள் செட். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் தன்வினையில் இருந்து பிறவினையை உருவாக்கியிருக்கிறார்கள், அதன் மிச்சம்தான் இந்தச் சோடிகள். எங்கள் மொழியில் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதியை நான் அந்நியமாக நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். இதை யாரும் முன்பே சொல்லவில்லையே என்று கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. இப்போது காய்ச்சல் ஏறியது என்றால் ரோஸ், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினோம் என்றால் ரெய்ஸ்ட். தானாக நடந்ததா, நாங்கள் செய்ததா என்று ஒரு கணம் தமிழில் கேட்டால் போதும்.

எதிர்மறையும் கேள்வியும் அப்படியே. டிட் நொட் வென்ட், டிட் யூ ஃபெல் என்று நான் பேச்சுப் பகுதியிலும் சொல்லியிருக்கிறேன், 350 என்று விளிம்பில் நின்றதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அந்தப் பகுதியில் நோயாளியாக நடிப்பவரிடம் கேள்வியும் கேட்க வேண்டும்: எப்போது விழுந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், மருந்து எடுத்தீர்களா. தமிழில் போனேன் என்கிறோம், ஆனால் போகவில்லை என்கிறோம், போனேனில்லை என்பதில்லை. போக என்பதில் காலம் இல்லை. டிட் வந்தால் பின்னால் வருவதிலும் காலம் இல்லை. டிட் நொட் கோ, டிட் யூ ஃபோல், டிட் யூ ஈட். காலத்தை டிட் சுமந்துவிட்டது, இரண்டாம் தரம் சுமக்க வேண்டாம்.

பயிற்சி எப்படிச் செய்தேன் என்றும் சொல்கிறேன், ஏனென்றால் விளங்கியது வேறு, கையில் வந்தது வேறு. நூற்றிருபது ரூபாக் கொப்பி ஒன்று. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, கால் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு அன்று நடந்ததில் எட்டு வசனம். பெயரோ கட்டில் இலக்கமோ எழுதுவதில்லை, நோயாளியின் விபரம் வீட்டுக்கு வரக்கூடாது. எழுதியதைச் சத்தமாக மூன்று தரம் வாசிப்பேன். சத்தம் முக்கியம். மனதுக்குள் வாசித்தால் டிராங்கும் டிரங்கும் ஒன்றுதான், வாயைத் திறந்தால்தான் வேறுபாடு தெரியும். முதல் கிழமை எட்டு வசனத்தில் ஐந்து பிழை. மூன்றாம் கிழமை இரண்டு. களைத்துப்போய் எழுதாமல் படுத்த நாட்களும் உண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு கிழமை முழுக்க விட்டதும் உண்டு. ஏழு கிழமைக்குப் பிறகு ஒரு நாள் மேலதிகாரியோடு கதைக்கும்போது ஷீ ஸ்லெப்ட் வெல் என்று யோசிக்காமல் வந்தது. அன்றுதான் மூன்றாம் தரத்துக்குப் பதிந்தேன்.

சோதனை மண்டபத்துக்கு மூன்று விடயங்களைக் கொண்டுபோனேன். ஒன்று, கடிதத்தை முப்பத்தைந்து நிமிடத்தில் முடித்து, மிச்ச ஐந்து நிமிடத்தில் வினைச்சொல்லை மட்டும் பார்த்தேன், வேறெதையும் பார்க்கவில்லை. முதலில் டிட் எங்கே இருக்கிறது, பின்னால் என்ன நிற்கிறது. பிறகு ஹாஸ், ஹாட், வோஸ் எங்கே, பின்னால் மூன்றாம் வடிவமா. கடைசியாக யெஸ்டர்டே, அகோ. இரண்டாவது, சந்தேகம் வந்த சொல்லோடு மல்லுக்கட்டவில்லை. லே, லெய்ன் என்று தடுமாறினால் வோஸ் ஒன் தி ஃப்ளோர் என்று எழுதலாம். வீக்கத்துக்கு வோஸ் ஸ்வோலன் போதும். கருத்து மாறாது, பிழையும் இல்லை. மூன்றாவது, லேர்ன்ட் என்பது போல ஈடி போட்டும் போடாமலும் இரண்டு விதமாக எழுதுகிற சொற்களில் பிரித்தானிய வழக்கையே கடைசிவரை வைத்திருந்தேன். இரண்டும் சரிதான், ஆனால் ஒரே கடிதத்தில் கலக்கக்கூடாது.

வூண்ட் என்று நாங்கள் தினமும் சொல்லும் காயத்தின் எழுத்தும், பன்டேஜைச் சுற்றினேன் என்பதற்கு வரும் வவுண்ட் என்பதன் எழுத்தும் ஒன்றே என்பதை அந்த நாட்களில்தான் கவனித்தேன். வைண்ட், வவுண்ட். ஃபைண்ட், ஃபவுண்ட் போல. சோதனைக்கு உதவவில்லை, ஆனால் இப்படி ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியபோது படிப்பது பாரமாக இல்லாமல் போனது.

மூன்றாம் தரம் எழுத்தில் 330. பேச்சு 380. பெறுபேறு வந்த அன்று மாலை ரீச்சர் வீட்டுக்கு ஓடினேன். காசு வாங்க மாட்டார் என்று தெரியும், அதனால் எங்கள் வளவுக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பையில் கொண்டுபோனேன். இருக்கச் சொன்னார், தேத்தண்ணி வந்தது. பிறகு நான் முதன்முதல் கொண்டுவந்த அந்தக் கடிதத்தைப் புத்தகத்துக்குள் இருந்து எடுத்துத் தந்தார், பதினொரு பென்சில் வட்டத்தோடு. அதை இப்போது என் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். எங்கள் வாட்டில் வேலை செய்யும் இரண்டு தங்கச்சிமார் ஞாயிறு பின்னேரங்களில் தாங்கள் எழுதிய கடிதங்களோடு வருகிறார்கள். போன கிழமை ஒருத்தியின் கடிதத்தில் நான்கு வட்டம் வந்தது. சித்திரை மாதத்துக்குப் பதியப்போகிறேன் என்றாள். இன்னும் ஆறு கிழமை பொறு, முதலில் உன்னுடைய நாற்பதை எழுதிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினேன்.